களஞ்சியத்தில் ஏன் பழைய சரக்கு?

ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளின் 3.0 பதிப்பு வெளிவந்தது 2025 மார்ச் 16-ல். படம் திருத்தும் வேலையில் இருப்பவர்கள் பல வருடமாக எதிர்பார்த்திருந்த பதிப்பு அது. அந்த வாரமே, ராமேசுவரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட தன் கணினியில், மென்பொருள் கிடங்கான களஞ்சியத்திலிருந்து இறக்கும் ஆப்ட் கட்டளை கொடுத்து ஜிம்ப்பை நிறுவியிருந்தால், வந்து இறங்கியிருப்பது 2.10.36. அது 2023 நவம்பரில் வந்த பதிப்பு.

“புதுசு வந்துருச்சுன்னு எல்லாரும் பேசுறாய்ங்க, இவய்ங்க ஏன் தம்பி பழசையே குடுக்குறாய்ங்க?” என்ற கேள்வி தங்கச்சிமடத்திலிருந்து தொண்டி வரை எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. லினக்ஸ் போட்டுக் கொடுத்த பாவத்துக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கும்: சும்மா கொடுக்கிற சாமான், அதனால் யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பதில் பெரும்பாலும் தப்பு. சில இடங்களில் சரி. எங்கே தப்பு, எங்கே சரி என்று தெரிந்துகொள்வதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜிம்ப்பை எழுதுகிறவர்கள் வேறு, அதை உபுண்டுவின் களஞ்சியத்தில் வைக்கிறவர்கள் வேறு. விண்டோஸில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் அதை எழுதியவர்களின் தளத்துக்குப் போய் இறக்குகிறோம். அது தனக்கு வேண்டிய நூலகங்கள் (மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) எல்லாவற்றையும் தன்னோடு கட்டிக்கொண்டு வந்துவிடும். லினக்ஸில் நடுவில் ஒருவர் இருக்கிறார். டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற வழங்கல்கள், எழுதியவர்களிடமிருந்து மூல நிரலை வாங்கி, தங்களிடம் உள்ள நூலகங்களோடு சேர்த்துத் தாங்களே தொகுத்து, பொதியாகக் கட்டி, கையொப்பமிட்டுக் களஞ்சியத்தில் வைக்கின்றன. 2023-ல் வந்த டெபியன் 12-ல் இப்படிப்பட்ட பொதிகள் 64,419. ஒவ்வொன்றுக்கும் ஒரு பராமரிப்பாளரோ குழுவோ உண்டு. அவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

ஆக, ஒரு மென்பொருளின் புதுப் பதிப்பு வந்ததும் அதைத் தூக்கிக் களஞ்சியத்தில் போட்டால் என்ன என்று கேட்பது சுலபம், செய்வது சுலபமில்லை. காரணம், இந்தப் பொதிகள் தனித்தனியாக நிற்பவை அல்ல. ஒரே நூலகத்தை நூறு மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும். ஜிம்ப் 2.10 ஜன்னல், பொத்தான் முதலியவற்றை வரைய ஜிடிகே 2 நூலகத்தை நம்பியிருந்தது. 3.0 வந்தபோது ஜிடிகே 3-க்கு மாறிவிட்டது. அதோடு ஜெகல், பேபிள் என்ற நூலகங்களின் புதிய பதிப்புகளையும் கேட்கிறது. அவற்றைப் புதுப்பித்தால் அவற்றை நம்பியிருக்கும் மற்ற மென்பொருள்கள் முன்போலவே ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஓடாவிட்டால் அவற்றையும் திருத்த வேண்டும். ஒரு நூலகத்தின் வெளி இடைமுகம், அதாவது மற்ற நிரல்கள் அதை அழைக்கும் முறை, மாறினால் அதைச் சார்ந்த பொதிகளை எல்லாம் மறுபடி தொகுக்க வேண்டிவரும். டெபியனில் இது ஒரு தனி வேலை, வாரக்கணக்கில் இழுக்கும்.

இதெல்லாம் அவர்கள் பாடு, எனக்கென்ன என்று ஸ்டுடியோக்காரர் கேட்கலாம். அவருக்கும் இதில் ஒரு பாடு இருக்கிறது. ஒரு தாளில் எட்டு பாஸ்போர்ட் படம் அடுக்குவதற்கு எவரோ எழுதிக்கொடுத்த செருகுநிரலை, அதாவது ஜிம்ப்போடு சேர்ந்து ஓடும் ஒரு சிறு நிரலை, வைத்துத்தான் பெரும்பாலான கடைகளில் பிழைப்பு ஓடுகிறது. ஜிம்ப் 3.0-வில் செருகுநிரல்களுக்கான இடைமுகம் மாறிவிட்டது. 2.10-க்காகத் தொகுத்த செருகுநிரல் அதில் அப்படியே ஏறாது, திருத்தி எழுத வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புதுப்பிப்பு என்ற பெயரில் 3.0 தானாக வந்து உட்கார்ந்து, அந்த எட்டு படப் பொத்தான் காணாமல் போனால், எழுதிக்கொடுத்தவரைத் தேடி எங்கே போவது? மதுரைக்கு மூன்று, நாலு மணி நேரப் பயணம். ஸ்டுடியோக்காரர் பழசு என்று அலுத்துக்கொள்கிற அதே குணம்தான் அவர் கடையைத் திறந்து வைத்திருக்கிறது. நேற்று எப்படி வேலை செய்ததோ அப்படியே இன்றும் வேலை செய்யும் என்ற உறுதியைத்தான் நிலைத்த வழங்கல்கள் தருகின்றன.

அந்த உறுதியை அவர்கள் எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதற்கு டெபியனின் நடைமுறை நல்ல உதாரணம். புதிய பொதி முதலில் சிட் என்ற நிலையற்ற கிளைக்கு வரும். அங்கே அதன் அவசரத்தைப் பொறுத்து இரண்டு, ஐந்து அல்லது பத்து நாள் கிடக்க வேண்டும். அதற்குள் பெரிய பிழை எதுவும் பதிவாகவில்லை, சார்ந்த பொதிகளும் உடையவில்லை என்றால் சோதனைக் கிளைக்கு நகரும். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சோதனைக் கிளையை உறைய வைப்பார்கள். டெபியன் 12-க்கு இது நடந்த தேதிகளைப் பார்த்தால் புரியும். 2023 ஜனவரி 12-க்குப் பிறகு பெரிய நூலக மாற்றங்கள் கிடையாது. பிப்ரவரி 12-க்குப் பிறகு புதிய பொதிகள் நுழைய முடியாது, சிறு திருத்தங்கள் மட்டும். மார்ச் 12-ல் இன்னும் இறுக்கம். மே 24-ல் முழு உறைவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் வெளியீட்டுக் குழுவிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். ஜூன் 10-ல் வெளியீடு.

இந்த ஐந்து மாதமும் வெளியே யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கடிதம், கணக்கு வேலைகளுக்கான லிப்ரே ஆபிஸின் 7.5 பதிப்பு அந்த பிப்ரவரி 2-ஆம் தேதியே வந்துவிட்டது. டெபியன் 12 பிறந்தபோது அதில் இருந்தது 7.4. அதாவது பிறந்த அன்றே அது பழசு. அடுத்த டெபியன் 13, 2025 ஆகஸ்ட் 9-ல் வந்தபோதும் இதே கதைதான். அதில் லிப்ரே ஆபிஸ் 25.2, அந்த மாதம் முடிவதற்குள் வெளியே 25.8. ஆனால் ஜிம்ப் 3.0 இந்தத் தடவை உள்ளே வந்துவிட்டது. உறைவதற்கு முன் வந்து சேர்ந்தது ஏறிக்கொள்ளும், பிந்தியது அடுத்த இரண்டு வருடம் காத்திருக்கும்.

இன்னொரு அடுக்கும் உண்டு. உபுண்டு தன் பொதிகளில் பெரும்பகுதியை டெபியனின் நிலையற்ற கிளையிலிருந்து எடுக்கிறது. லினக்ஸ் மின்ட் உபுண்டுவின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பின் மேல் நிற்கிறது. தமிழ்நாட்டு அரசு 2011-ல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸ் டெபியனை அடித்தளமாகக் கொண்டது. இங்கே பல வீடுகளில் முதன்முதலாகப் பார்த்த லினக்ஸ் அதுதான். டெபியன் உறைந்து, அதை எடுத்து இன்னொருவர் தன் வேலையைச் செய்து, அது மடிக்கணினியில் ஏறி, அந்த மடிக்கணினி பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை பழசாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மாணவர்களில் பலர் லினக்ஸ் என்றாலே பழசு என்று முடிவு கட்டியதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பதிப்பு எண் பழசாக இருந்தால் அதன் ஓட்டைகளும் அப்படியே இருக்கும் என்று நினைப்பது இயல்பு. மரத்தால் கட்டிய விசைப்படகில் ஒரு பலகை உளுத்துப்போனால் அந்தப் பலகையை மட்டும் எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைப்பார்கள். படகின் பதிவெண் அதேதான். வழங்கல்களும் இதைத்தான் செய்கின்றன. புதுப் பதிப்பில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தால், அந்தத் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தங்களிடம் உள்ள பழைய நிரலில் பொருத்துவார்கள். புது வசதிகளையும் புது நடத்தையையும் விட்டுவிடுவார்கள்.

2014 ஏப்ரல் 7-ல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானபோது இது தெளிவாகத் தெரிந்தது. இணையத்தில் பூட்டுப் படம் போட்டுப் பாதுகாப்பாகப் பேசுவதற்கு உலகில் பெரும்பாலான சர்வர்கள் பயன்படுத்திய ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில், எதிரே இருப்பவர் சர்வரின் நினைவகத்தையே துண்டு துண்டாக உருவிப் பார்க்க முடிந்தது. எழுதியவர்கள் 1.0.1ஜி என்ற பதிப்பில் திருத்தினார்கள். அப்போது டெபியனின் நிலைத்த பதிப்பான வீசியில் இருந்தது 1.0.1இ. டெபியன் எண்ணை மாற்றவில்லை. 1.0.1இ-2+டெப்7யு5 என்று வாலை மட்டும் நீட்டித் திருத்தத்தை அனுப்பியது. அந்த வாலைப் படிக்கத் தெரிந்தால் போதும். முன்பகுதி எழுதியவர்களின் பதிப்பு. டெப்7 என்றால் டெபியன் 7. யு5 என்றால் அந்த வெளியீட்டுக்குள் ஐந்தாவது திருத்தம். இதைப் படிக்கத் தெரியாமல், 1.0.1இ என்று கண்டவுடனே ஆபத்து என்று சிவப்பு அறிக்கை கொடுக்கும் சோதனைக் கருவிகள் இன்றும் உண்டு. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பதறுகிறவர்களும் உண்டு.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அதற்கும் முந்திய டெபியன் 6-ல் இருந்த ஓபன்எஸ்எஸ்எல் 0.9.8 வரிசையைச் சேர்ந்தது. ஹார்ட்பிளீட் ஓட்டை 2012 மார்ச்சில் வந்த 1.0.1-ல்தான் நுழைந்தது. ஆகவே ‘எப்போதப்பா மாற்றப் போகிறாய்’ என்று எல்லோரும் கேலி செய்திருக்கக்கூடிய அந்தக் கிழட்டுச் சர்வர்கள் தப்பித்துக்கொண்டன. புதிய வசதி வந்தால் அதோடு புதிய ஓட்டையும் வரலாம். அதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆகலாம்.

இதைவிடப் பயங்கரமானது 2024-ல் நடந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருள், எங்கும் இருப்பது, யாரும் கவனிக்காதது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சில வருடம் பொறுமையாக அதில் பங்களித்து, பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, வெளியீடு செய்யும் அதிகாரத்தையும் பெற்றார். பிப்ரவரியில் வந்த 5.6.0-விலும் அடுத்து வந்த 5.6.1-லும் ஒரு பின்கதவை ஒளித்து வைத்தார். எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழி செய்யும் பின்கதவு. மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் பொறியாளரும் போஸ்ட்கிரஸ் தரவுத்தள உருவாக்குநருமான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தன் டெபியன் சிட் கணினியில் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டப்போய், மார்ச் 29-ல் உண்மையை வெளியிட்டார். மாட்டிக்கொண்டவை யாவை? டெபியனின் நிலையற்ற, சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் வரப்போகும் பதிப்பு, ஓபன்சூசே டம்பிள்வீட் போன்றவை. டெபியன் நிலைத்த பதிப்பில் இருந்தது 5.4.1. தொடவே இல்லை. ரெட் ஹாட் நிறுவனம் மற்ற நிறுவனங்களுக்காகத் தரும் லினக்ஸ் பதிப்பும் அப்படியே தப்பியது. வெளிவரத் தயாராகிக்கொண்டிருந்த உபுண்டு 24.04 தன் பீட்டாவை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, பொதிகளை மறுபடி தொகுத்தது.

அந்த நாட்களில் ‘5.6.1-ஐச் சீக்கிரம் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று டெபியனுக்குக் கோரிக்கை வந்திருந்தது. புதுசு ஏன் இன்னும் வரவில்லை என்ற அவசரத்தை ஆயுதமாக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் இதை வைத்து வழங்கல்களுக்கு மாலை போடுவதற்கு முன் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எஸ்எஸ்ஹெச் நிரலை எழுதுகிறவர்கள் எக்ஸ்இசட் நூலகத்தைத் தங்கள் நிரலில் சேர்க்கவில்லை. கணினியில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு இணைக்க டெபியன் உள்ளிட்ட சில வழங்கல்கள் தாங்களாக ஒட்டிய ஒட்டு வழியாகத்தான் அது உள்ளே வந்தது.

நடுவில் இருப்பவர் கை வைத்ததால் வந்த வினைக்கு இதைவிடப் பழைய உதாரணமும் உண்டு. 2006-ல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பராமரிப்பாளர், நினைவகச் சோதனைக் கருவி எச்சரிக்கை தருகிறதே என்று நிரலில் இரண்டு வரிகளைச் செயலிழக்கச் செய்தார். அவற்றில் ஒன்றுதான் மறையாக்கச் சாவிகளுக்குத் தற்செயல் தன்மையைத் தந்துகொண்டிருந்தது. 2008 மே மாதம் கண்டுபிடிக்கும் வரை, டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகள் ஏறக்குறைய 32,768 சாத்தியங்களுக்குள் அடங்கிவிட்டன. ஒரு சாதாரணக் கணினி அத்தனையையும் முயன்று பார்த்துவிடும். டெபியனின் வரலாற்றில் மிக மோசமான பாதுகாப்புச் சறுக்கல்களில் இது ஒன்று. இது பழமையால் வந்ததும் அல்ல, ஒட்டுப்போடும் வழக்கத்தால் வந்தது.

மென்பொருளை எழுதுகிறவர்களுக்கும் இந்த ஏற்பாட்டில் மனத்தாங்கல் உண்டு. நெட்ஸ்கேப் உலாவியின் காலத்திலிருந்து அறியப்பட்ட ஜேமி ஜவின்ஸ்கி, தான் எழுதிய எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற திரைக்காப்பு மென்பொருளில், பதிப்பு மிகவும் பழசாகிவிட்டால் ‘இது ரொம்பப் பழசு, புதுப்பியுங்கள்’ என்று திரையிலேயே எச்சரிக்கும்படி செய்துவைத்தார். 2016-ல் டெபியன் பயனர்களுக்கு அது வரத் தொடங்கியதும் பெரிய சண்டை. டெபியன்காரர்கள் எச்சரிக்கையை எடுத்துவிடலாமா என்று பேசினார்கள். அவர், அப்படியானால் என் மென்பொருளையே எடுத்துவிடுங்கள் என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தான் எப்போதோ திருத்திய பிழைக்கு, பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் தனக்கே கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் நீளமானது. ரெட் ஹாட்டின் 7-ஆம் பதிப்பு 2014 ஜூனில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 3.10 பதிப்போடும் பைத்தான் மொழியின் 2.7.5 பதிப்போடும் வந்தது. அதே எண்களோடு 2024 ஜூன் 30 வரை பராமரிக்கப்பட்டது. சர்வரில் ஓடும் பெரிய மென்பொருளை ஒருமுறை சோதித்துச் சான்று வாங்கியவர்கள், அடியில் தரை நகரக் கூடாது என்பதற்காகத்தான் காசு கொடுக்கிறார்கள்.

மேலே சொன்ன பாதுகாப்புக் கதை எல்லாம், யாரோ ஒருவர் உண்மையில் திருத்தங்களைப் பொருத்திக்கொண்டிருக்கும் வரைதான் செல்லும். பழையது வேறு, கைவிடப்பட்டது வேறு. பதிப்பு எண்ணைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

உபுண்டுவில் இந்தப் பிரிவு வெளிப்படையாகவே இருக்கிறது, ஆனால் யாரும் பார்ப்பதில்லை. அதன் களஞ்சியம் மெயின், யூனிவர்ஸ் முதலிய பகுதிகளாகப் பிரிந்தது. நீண்ட கால ஆதரவுப் பதிப்புகளில், மெயினில் உள்ளவற்றுக்கு உபுண்டுவை வெளியிடும் கனோனிகல் நிறுவனம் ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தம் தரும். அதில் சுமார் 2,300 பொதிகள். யூனிவர்ஸில் 23,000-க்கும் மேல். அது சமூகம் பார்த்துக்கொள்ளும் பகுதி. சமூகம் என்றால் சிலவற்றுக்கு மிகச் சுறுசுறுப்பான ஆள், சிலவற்றுக்கு ஆளே இல்லை. நாம் அன்றாடம் தேடும் விஎல்சி, ஜிம்ப் இரண்டும் யூனிவர்ஸில்தான் இருக்கின்றன. யூனிவர்ஸுக்கும் திருத்தம் வேண்டுமென்றால் உபுண்டு புரோ என்ற சேவையில் சேர வேண்டும். தனிநபர்களுக்கு ஐந்து கணினி வரை அது இலவசம். இந்தக் கரையில் நான் பார்த்த உபுண்டு கணினிகளில் அதைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. விளம்பரம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். ஸ்டுடியோக்காரரின் கேள்விக்கு ‘சில இடங்களில் சரி’ என்று நான் சொன்னது இதை மனதில் வைத்துத்தான்.

எல்லாவற்றையும் உறைய வைக்க முடியாது என்பதை வழங்கல்களே ஒப்புக்கொண்ட இடம் உலாவி. ஃபயர்ஃபாக்ஸும் குரோமியமும் அவ்வளவு பெரிய நிரல்கள், அவற்றில் ஓட்டைகள் அவ்வளவு வேகமாகக் கண்டுபிடிக்கப்படுகின்றன. திருத்தங்களைப் பிரித்தெடுத்துப் பழைய பதிப்பில் பொருத்துவது ஆகாத காரியம். அதனால் டெபியன் நிலைத்த பதிப்பில்கூட குரோமியம் புதுப் பதிப்பாகவே வரும். ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் மொசில்லாவே நிறுவனங்களுக்காக 2012-ல் தொடங்கிய நீண்ட ஆதரவு வரிசையில் வரும், அதிலும் வருடத்துக்கு ஒருமுறை பெரிய தாவல் இருக்கும். உபுண்டு வேறு வழி எடுத்தது. 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸை ஸ்னாப் என்ற தனிப் பெட்டியில் வைத்துவிட்டது. பெட்டிக்குள்ளேயே அதற்கு வேண்டிய நூலகங்கள் இருக்கும், மொசில்லாவே புதுப்பிக்கும். முதல் தடவை திறக்க நேரம் எடுக்கிறது என்று இங்கே எல்லோரும் திட்டுகிறார்கள். வேகம் குறைந்த வன்வட்டுள்ள பழைய கணினியில் அந்தத் திட்டு நியாயம்தான்.

ஆக, எந்தக் கணினிக்கு எது என்பதை அங்கே நடக்கும் வேலை சொல்லும். மண்டபத்தில் நண்டும் கணவாயும் வாங்கி அனுப்பும் ஒரு கம்பெனியில் கணக்கெல்லாம் லிப்ரே ஆபிஸ் விரிதாளில். எடை, விலை, படகுக்காரருக்குக் கொடுத்த முன்பணம், அதையெல்லாம் தானாகக் கணக்குப் போடும் மேக்ரோ. அங்கே நான் டெபியன் நிலைத்த பதிப்பைத் தவிர வேறெதையும் யோசிக்க மாட்டேன். ஐந்து வருடம் முந்திய விரிதாள் மென்பொருளுக்கு என்ன வசதி குறைந்துவிடப் போகிறது?

கீழக்கரையில் பொறியியல் படிக்கும் ஒரு பையனின் தேவை வேறு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் சிலவற்றின் கரைக்கோடு வருடங்களில் எப்படி மாறியிருக்கிறது என்று கியூஜிஸ் மென்பொருளில் வரைபடம் போடுகிறான். டெபியன் 12-ல் அவனுக்குக் கிடைத்தது 3.22. அவன் நண்பனின் உபுண்டு 24.04-ல் 3.34. நண்பன் சேமித்த திட்டக் கோப்பைத் திறந்தால், இது புதிய பதிப்பில் சேமித்தது என்று எச்சரிக்கை. “காக்கா, ரெண்டையும் ஒண்ணாக்க வழியிருக்கா?” என்றான். காக்கா என்றால் அங்கே அண்ணன். இருக்கிறது. கியூஜிஸ்காரர்கள் டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் தாங்களே ஒரு களஞ்சியம் நடத்துகிறார்கள். அதில் நீண்ட கால ஆதரவு வரிசையும் உண்டு. ஒரு மென்பொருளுக்காக அதை எழுதியவர்களின் களஞ்சியத்தைச் சேர்ப்பது நியாயமான காரியம். கண்ட கண்ட தனிநபர் களஞ்சியத்தை எல்லாம் சேர்த்து, டெபியன் நிலைத்த பதிப்பில் நிலையற்ற கிளையின் பொதிகளையும் உபுண்டு பொதிகளையும் கலந்தால் கதை வேறு. அப்படி உருவாகும் கணினிக்கு டெபியன்காரர்களே ஃபிராங்கன்டெபியன் என்று பெயர் வைத்து, செய்யாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த பதிப்புக்கு மாறும் நாளில்தான் அந்தப் பூதம் எழுந்து உட்காரும். டெபியனின் அதிகாரப்பூர்வமான பேக்போர்ட்ஸ் களஞ்சியம் இதற்கு நல்ல மாற்று. சோதனைக் கிளையில் உள்ளதை நிலைத்த பதிப்புக்கு ஏற்பத் தொகுத்துத் தருவார்கள். புதுக் கணினியில் வைஃபை பிடிக்காவிட்டால் புதிய கெர்னலை அங்கிருந்து எடுக்கலாம்.

ஜிம்ப் 3.0-தான் வேண்டுமென்று அடம்பிடிக்கிற ஸ்டுடியோக்காரருக்கு, ஸ்னாப் போலவே தனிப் பெட்டியில் வரும் ஃபிளாட்பேக். அதற்கான களஞ்சியமான ஃபிளாட்ஹப்பிலிருந்து இறக்கினால் அடித்தளத்தைத் தொடாமல், பழைய 2.10-க்குப் பக்கத்திலேயே புதுசும் ஓடும். செருகுநிரல் வேலைக்கு அது, புது வசதிக்கு இது. ஆனால் முதல் தடவை பெரிய அடித்தளப் பொதி ஒன்றும் கூடவே இறங்கும், நூற்றுக்கணக்கான எம்பி. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் அன்றைய டேட்டா அதோடு போகலாம், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவது நல்லது. இன்னொன்று, பெட்டிக்குள் இருக்கும் நூலகத்தில் ஓட்டை வந்தால் அதைப் பெட்டி கட்டியவர்தான் அடைக்க வேண்டும். களஞ்சியத்தில் ஒரு நூலகத்தைத் திருத்தினால் நூறு மென்பொருளும் ஒரே நேரத்தில் திருந்தும் அந்த வசதி இங்கே கிடையாது.

எல்லாமே புதுசாக வேண்டும் என்பவர்களுக்கு ஆர்ச், டம்பிள்வீட் போன்ற உருளும் வழங்கல்கள் இருக்கின்றன. அவை உறைவதே இல்லை. தினமும் கணினியைத் திறந்து, புதுப்பித்து, உடைந்தால் படித்துத் திருத்துகிறவர்களுக்கு அவை பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆர்ச்சில் ஒரு பொதியை மட்டும் புதுப்பித்து மற்றதை விட்டுவைப்பதற்கு ஆதரவு கிடையாது, புதுப்பித்தால் மொத்தமும். மாதக்கணக்கில் மூடிவைத்துத் திறந்தால் இறங்க வேண்டியது மலையாகக் குவிந்திருக்கும். மாதத்தில் நாலு நாள் மட்டும் திறக்கிற சங்க அலுவலகக் கணினியில் அதைப் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

நிலைத்த பதிப்பிலும் ஒரு நாள் மாறித்தான் ஆக வேண்டும். டெபியன் 12-க்கு வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2026 ஜூன் வரை, அதன் பிறகு நீண்ட கால ஆதரவுக் குழு 2028 ஜூன் வரை பார்த்துக்கொள்ளும். டெபியன் 13-க்கு 2028 ஆகஸ்ட் வரையும், நீண்ட கால ஆதரவு 2030 ஜூன் வரையும். விசைப்படகுக் கணக்கு வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள் என்பது. கணக்குத் தாள்களையும் மேக்ரோக்களையும் முதலில் வெளி வட்டில் நகல் எடுக்க வேண்டும். வெளியிலிருந்து சேர்த்த களஞ்சியங்களை நிறுத்திவைக்க வேண்டும். வெளியீட்டுக் குறிப்பை ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்கினால், உடைவது எதுவாக இருந்தாலும் படகு இறங்குவதற்கு முன் சரி செய்ய நாள் இருக்கும்.